இரவற் குரலும் இரவற் பெயரும்

இளமையிற் கண்ட வேற்றுமொழிப் படத்தை முதுமையிலும் விரும்பிக் காணும் வழக்கம் நார்வே நாட்டார்க்கு உண்டு. அந்நாளைய செக்கோசுலோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் இணைந்து 1973-இல் வெளியிட்ட சிண்டரெல்லா படம், அங்குப் பல பத்தாண்டுகளாகக் கிறிஸ்துமசுக்கு முன்னாளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டு வருகிறது.

அதனை நார்வே மொழியில் ஆக்கிய முறை வியப்புடையது. க்னூத் ரீசான் என்னும் நடிகர் ஒருவரே எல்லார்க்கும் பேசினார். மாற்றாந்தாய் சீறுவதும், இளவரசன் நகையாடுவதும், கன்னி சிண்டரெல்லா மறுமொழி கூறுவதும் அவ்வாடவர் குரலே! நம் ஊர்களிற் கதாகாலட்சேபம் கேட்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். சிறுவர்க்கு அதனாற் குறையொன்றும் தோன்றவில்லை. குதிரை ஏறி, வில் வளைத்து, இளவரசனுக்கே விடுகதை இடும் அப்பெண்ணையே அவர்கள் கண்டனர். வளர்ந்தபின் காண்போர் செவியிலோ, அக்குரலின் கீழே மெல்ல ஒலிக்கும் மூலக் குரல்களும் விழுகின்றன. எனினும், ரீசானின் குரலை நீக்கிக் காணப் பலர்க்கு மனம் ஒருப்படுவதில்லை. அதுவே அவர்க்குச் சிண்டரெல்லாவின் குரல்.

மற்றொரு செய்தியும் உண்டு; அதனை வளர்ந்தோரே உணர்வர். திரைக்கதையை எழுதியவர் ஃபிரான்டிஷெக் பாவ்லீச்செக். 1968-இல் சோவியத்துப் படைகள் செக் மண்ணிற் புகுந்தபின், அவர் அரசின் சினத்திற்கு ஆளானார். அவர் பெயரால் எதுவும் வெளிவருதல் இயலாதாயிற்று. ஆகவே, பொகுமிலா செலென்கோவா என்னும் அம்மையார் தம் பெயரை இரவலாக ஈந்தார். உண்மை வெளிப்படின் அவ்வம்மையார்க்கும் இடரே. படத்தின் முகப்பில் அவர் பெயரே தோன்றிற்று. பனிவெளியில் வெண்குதிரை விரையும் காட்சிக்குக் காத்திருந்த சிறுவர், அவ்வெழுத்துகளைப் படித்திலர்.