தாத்தாவின் அரம்

வடமதுரை

அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது.

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் அழுதாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை இன்ஜினியரிங் வேண்டாம், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறேன் என்கிறானே, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன் என்றாள். நான் உன் பக்கம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது இது.

உன் தாத்தா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் இருந்தவர். சோற்றுத் தூக்கு கொண்டுபோகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். சாவியை வைஸில் பிடித்து அரத்தால் இரண்டு இழுப்பு. பூட்டுக்குள் விட்டுத் திருப்புவார். உள்ளே லீவர் லேசாக உரசினாலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். மறுபடி ஒரே இழுப்பு. அதற்குமேல் ராவினால் சாவி வீண். அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுநாள் முன்பே அலிகார் மெஷின் பூட்டு சந்தையைப் பிடித்துவிட்டது. பட்டறை படுத்தபோது, தன் கைக்கு என்ன தெரியும் என்று காட்ட உன் தாத்தாவிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நானும் மில்லில் பார்த்துப் பார்த்துத்தான் ஃபிட்டர் வேலை கற்றேன். 1990-களில் வளைகுடா போக உன் அத்தை நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் கொடுத்தேன். ஃபிட்டர் என்று அனுப்பினான். போன இடத்தில் சுமை தூக்கச் சொன்னார்கள். எதைக் காட்டி மறுப்பேன்?

இன்று நிலைமை வேறு. ஜெர்மனியில் முதியவர்கள் பெருகி, தொழில் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம். இந்தியத் தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு 20,000 என்றிருந்த விசாவை 90,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அங்கே ‘மைஸ்டர்’ தேர்வு முடித்த தொழிலாளிக்கு, தகுதி வரிசையில் இளங்கலைப் பட்டதாரிக்குச் சமமான படி. அங்கே போகும் வழிகளில் ஒன்றுக்கு, நம் அரசு ஏற்ற 2 வருடப் பயிற்சியும் 2 வருட அனுபவமும் வேண்டும். ஃபிட்டர் படிப்பு சரியாக 2 வருடம். வெல்டர் ஒரு வருடம்தான். நீ எடுத்த முடிவு நல்ல முடிவு.

திண்டுக்கல் அரசு ஐ.டி.ஐ.யில் சேர். அரசுப் பள்ளியில் படித்தவன் நீ. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை ஜெர்மன் மொழி படிக்க ஒதுக்கு. தேசியத் தொழிற் சான்றிதழ் வாங்காமல் பாதியில் எந்த வேலைக்கும் ஓடாதே. பிறகு அப்ரண்டிஸ் முடி. வெளிநாடு போவதானால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரி. லைசென்ஸ் இல்லாத ஏஜென்டிடம் ஒரு ரூபாய் கொடுக்காதே. ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

ஐ.டி.ஐ.யில் முதல் மாதம் ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து ராவச் சொல்வார்கள். உள்ளங்கை காய்த்துப்போகும். இதற்கா வந்தோம் என்று சிலர் நின்றுவிடுவார்கள். நீ நின்றுவிடாதே, உன் தாத்தா வாழ்நாளெல்லாம் செய்த வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அவர் அரத்தைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா