நாதமுனிகள்: யோகமும் இசையும் ஆசார்யத்வமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் குருபரம்பரையில் நம்மாழ்வாருக்கு அடுத்து எழுந்தருளியிருப்பவர் ஸ்ரீமந் நாதமுனிகள். காட்டுமன்னார் கோயிலில் ஆனி அநுஷத்தில் திருவவதரித்தவர். நாலாயிரத்தை மீட்டுத் தந்த இவ்வாசார்யருக்கு யோகமும் இசையும் கைவந்திருந்தன. அவ்விரண்டும் அவருடைய ஆசார்யத்வத்துக்கு எவ்வாறு உறுப்பாயின என்பதைச் சிறிது அநுபவிப்போம்.

முதலில் யோகம். திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைச் சிலர் ஸேவிக்கக் கேட்டார் நாதமுனிகள். அதன் நிகமனப் பாசுரத்தில் ஆயிரம் என்றிருக்கக் கண்டு, மற்றவற்றையும் பெற விரும்பித் திருக்குருகூர் சென்றார். அங்குப் பராங்குசதாஸர் பக்கல் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பெற்று, ஆழ்வார் திருமுன்பே ஒருமைப்பட்ட நெஞ்சோடு 12,000 உரு அநுஸந்தித்தார். ஆழ்வாரும் யோக தசையில் ஸேவை ஸாதித்து, நாலாயிரத்தையும் அர்த்தங்களோடே அருளினார். அப்பிரபந்தம் முழுவதும் தம் ஆசார்யனையே தெய்வமாகக் கொண்ட மதுரகவிகளின் வாக்கு. ஆகவே 12,000 முறையும் அவர் பயின்றது சிஷ்யனாயிருக்கும் இருப்பையே. ஆசார்யனாகப் போகிறவருக்கு முதலில் வாய்த்த அப்யாஸம் அதுவாயிற்று.

அடுத்து இசை. ஊர் திரும்பியவர், தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் பாசுரங்களைத் தேவகானத்திலே கற்பித்தார். பல தாளங்களைச் சேரத் தட்டினாலும் ஒவ்வொன்றின் எடையையும் ஒலிகொண்டே சொல்ல வல்லவர் என்று பெரியோர் கூறுவர். ஸந்தை சொல்லி வைப்பவர்கள் இதன் அருமையை அறிவர். பதின்மர் சேர்ந்து திருப்பிச் சொல்லும்போது, ஒற்றெழுத்தை விழுங்குபவர் யார், பதத்தைப் பிழையாகப் பிரிப்பவர் யார் என்று பிரித்தறியும் செவி பாடப் பழகியவருக்கே எளிதில் வாய்க்கும்.

இவ்விரண்டின் பயன் யாருக்கு என்பதே கேள்வி. யோகம் வேணுமோ என்று நாதமுனிகள் கேட்டபோது, உலகோர் ஸம்ஸாரத்தில் மாண்டு கிடக்க அடியேன் தனியே இன்புறலாமோ என்னும் கருத்துப்பட விண்ணப்பித்தார் உய்யக்கொண்டார். அவர் அருளிச்செயலைப் பரப்பும் பணியை ஏற்க, யோகத்தைக் குருகைக் காவலப்பன் பெற்றார். பின்னர் ஆளவந்தார் அதைப் பெற வேண்டி அவரிடம் சென்றார். அவர் குறித்துக் கொடுத்த நாளோ, ஆளவந்தார் திருவனந்தபுரத்தில் இருக்கும்போதே வந்துவிட்டது. அந்த யோக ரஹஸ்யம் அத்தோடு நின்றுபோயிற்று. பலர் செவியிலும் நாவிலும் ஏறிய பாசுரங்களோ இன்றும் ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர் ஸேவையாக விளங்குகின்றன.

இதனால் யோகம் வீண் என்பதன்று. யோகத்தில் பெற்றதன்றோ இசையாய் வெளிவந்தது! தனித்திருந்து அநுஸந்திப்பது பெறுவதற்கு, பாடுவது கொடுப்பதற்கு. முன்னது இல்லையேல் கொடுக்க ஒன்றில்லை. பின்னது இல்லையேல் பெற்றது நம்மோடே முடியும். ஆகவே ஸந்தை சொல்லி வைக்கும் அடியார்கள், வகுப்புக்கு முன் அன்றைய பாசுரத்தைத் தாமே தனித்திருந்து பலகால் அநுஸந்திப்பது நன்று. அப்போது நாம் கற்பிக்கிறோம் என்னும் நினைவு கழிந்து, பெற்றதைச் சேர்ப்பிக்கிறோம் என்னும் நினைவே நிற்கும்.

நாதமுனிகள் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்