விரிந்து சுருங்கும் சிலிக்கான்

நுழையும்முன்

காலையில் முழுமையாக மின்னேற்றிய கைப்பேசி மாலைக்குள் அணைந்துவிடுகிறது. மின்மகிழுந்து வாங்க எண்ணுவோர் முதலில் கேட்பது, ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே. இவ்விரண்டிற்கும் அடிப்படை ஒன்றுதான்: மின்கலத்தினுள் ஒரு கிராம் பொருள் ஏந்தக்கூடிய லித்தியத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தள்ளிவைக்க, மணலில் நிறைந்துள்ள ஒரு தனிமத்தை அறிவியலாளர்கள் நாடினர். அத்தனிமம் அவ்வளவு எளிதில் பணிந்துவிடவில்லை.

அயனிகளின் போக்குவரவு

லித்தியம் அயனி மின்கலத்தில் நேர்மின்முனை, எதிர்மின்முனை, இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட தடுப்புப் படலம், இவற்றை நனைத்து நிற்கும் மின்பகு திரவம் ஆகியவை அமைந்துள்ளன. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்முனையை விட்டுப் புறப்பட்டு, திரவத்தின் வழியே எதிர்மின்முனையை அடைந்து அங்கே தங்குகின்றன. கருவியை இயக்கும்போது வந்த வழியே திரும்புகின்றன. எலக்ட்ரான்களுக்கு அவ்வழி இல்லை. அவை வெளிச்சுற்றின் வழியேதான் செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும்போதுதான் விளக்கு எரிகிறது, மோட்டார் சுழல்கிறது.

1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய தொடக்ககால மின்கலத்தில் எதிர்மின்முனையாக லித்தியம் உலோகமே இருந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றியபோது அவ்வுலோகத்தின் மேல் ஊசிபோன்ற முளைகள் வளர்ந்து, தடுப்பைத் துளைத்து, குறுக்குச்சுற்றை ஏற்படுத்தின. தீப்பற்றும் இடரும் எழுந்தது. 1980இல் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு சிறந்த நேர்மின்முனை எனக் கண்டனர். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை நீக்கி, கார்பன் பொருளை எதிர்மின்முனையாக வைத்தார். மின்கலம் அடங்கி நடந்தது. 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது குடினஃபின் அகவை 97.

பின்னாளில் கார்பன் வகைகளுள் கிராஃபைட் நிலைபெற்றது. அதன் அணுக்கள் புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்தவை. தாள்களுக்கு இடையே காய்ந்த பூவிதழைச் செருகுவதுபோல் லித்தியம் உள்ளே புகுந்து அமர்கிறது. புத்தகம் சற்றே தடிப்பதுபோல் கிராஃபைட்டும் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே பருக்கிறது. ஆயிரம் முறை செருகி எடுத்தாலும் தாள் கிழிவதில்லை. அதன் பெருமை இது.

ஆறுக்கு ஒன்று, நான்குக்குப் பதினைந்து

கிராஃபைட்டின் குறை எண்ணிக்கையில் உள்ளது. ஒரு லித்தியம் அணுவுக்கு இடம் தர ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். இதனால் ஒரு கிராம் கிராஃபைட் தேக்கக்கூடிய மின்னூட்டத்தின் உச்சம் 372 மில்லி ஆம்பியர் மணி. இன்றைய மின்கலங்கள் இவ்வுச்சத்தை ஏறக்குறைய எட்டிவிட்டன.

சிலிக்கானோ, அடுக்குகளுக்கு இடையே விருந்தாளியை அமர்த்துவதோடு நிற்பதில்லை. லித்தியத்தோடு கூடி உலோகக் கலவையாகவே மாறிவிடுகிறது. அறை வெப்பநிலையில் நான்கு சிலிக்கான் அணுக்கள் பதினைந்து லித்தியம் அணுக்களை ஏற்கும். கணக்கிட்டால் கிராமுக்கு 3579 மில்லி ஆம்பியர் மணி. கிராஃபைட்டைப்போல் ஒன்பது மடங்கிற்கும் மேல். புவியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்து மிகுந்திருப்பதும் சிலிக்கானே.

இதைக் கேட்டவுடன் கைப்பேசி ஒன்பது நாள் உழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்மின்முனை மின்கலத்தின் ஒரு பகுதிதான். நேர்மின்முனைப் பொருள் கிராமுக்கு 180 மில்லி ஆம்பியர் மணி தேக்குவதாகக் கொள்வோம். 1 ஆம்பியர் மணிக்கு அப்பொருள் 5.6 கிராம் வேண்டும். அதற்கு ஈடாகக் கிராஃபைட் 2.7 கிராம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 8.3 கிராம். கிராஃபைட்டை நீக்கிச் சிலிக்கானை வைத்தால் 0.3 கிராம் போதும், மொத்தம் 5.9 கிராம். எடை குறைவது ஏறத்தாழ 30 விழுக்காடு. உறை, செம்புத் தகடு, திரவம் ஆகியவற்றின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் ஆதாயம் இன்னும் சுருங்கும். ஆயினும் பல நூறு கிலோகிராம் எடையுள்ள மின்கலத் தொகுப்பைச் சுமந்து ஓடும் மகிழுந்துக்கு இதுவே பெரிது.

உடையும் துகள்

இத்தனை லித்தியத்தை விழுங்கும் சிலிக்கான், தன் பருமனில் ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகுகிறது. மின்னிறக்கத்தின்போது மீண்டும் சுருங்குகிறது. ஊறவைத்த கொண்டைக்கடலை பருப்பதைப் போன்றதன்று இது. கடலை ஒருமுறை பருத்தால் போதும், சிலிக்கான் நாள்தோறும் பருத்துச் சுருங்க வேண்டும். படிகச் சிலிக்கான் நொறுங்கும் தன்மையது. துகள்கள் பிளக்கின்றன, பிளந்த துண்டுகள் செம்புத் தகட்டுடன் தொடர்பு அறுந்து பயனற்றுப் போகின்றன.

இதனினும் நுட்பமான இழப்பு மற்றொன்று. எதிர்மின்முனையின் பரப்பில் மின்பகு திரவம் சிதைந்து, மெல்லிய படலமொன்று உருவாகிறது. கிராஃபைட்டில் இப்படலம் ஒருமுறை உருவாகிவிட்டால் பெரும்பாலும் நிலைத்து நின்று மேலும் சிதைவு நேராமல் காக்கிறது. காயத்தின் மேல் படியும் பொருக்கைப் போல. சிலிக்கான் பருக்கும்போது அப்பொருக்கு வெடிக்கிறது. புதிய பரப்பு திரவத்தில் படுகிறது. புதிய படலம் உருவாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது லித்தியமும் சிறிது திரவமும் இதற்கே செலவாகின்றன. மின்கலத்தில் உள்ள லித்தியம் அளவானது. அது இவ்வாறு கரைந்துகொண்டே போனால் மின்கலம் விரைவில் கிழடு தட்டிவிடும்.

நுண்மையே வலிமை

2008இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சுய் குழுவினர், எஃகுத் தகட்டின் மேல் சிலிக்கானை மயிரிழையினும் மிக நுண்ணிய நானோ கம்பிகளாக வளர்த்தனர். மின்னேற்றியபோது கம்பிகளின் சராசரி விட்டம் 89 நானோமீட்டரிலிருந்து 141 நானோமீட்டராகப் பெருகியது. ஆனால் கம்பிகள் நொறுங்கவில்லை. கம்பிகளுக்கு இடையே இருந்த வெற்றிடம் விரிவுக்கு இடம் தந்தது. ஒவ்வொரு கம்பியும் தகட்டில் வேரூன்றி நின்றதால் மின்தொடர்பும் அறவில்லை. தனிக்கோளத் துகள்களைப் பொறுத்தவரை, விட்டம் ஏறத்தாழ 150 நானோமீட்டருக்குக் குறைந்தால் முதல் மின்னேற்றத்தில் பிளவு ஏற்படுவதில்லை என்பது 2012இல் மின்னணு நுண்ணோக்கியின் வழி நேரில் காணப்பட்டது.

பிளவு நின்றது, படலச் சிக்கல் நிற்கவில்லை. துகள் சிறுக்கச் சிறுக்க மொத்தப் பரப்பு பெருகும். பரப்பு பெருகினால் படலத்திற்குச் செலவாகும் லித்தியமும் பெருகும். ஒரு கதவை அடைத்தால் மறுகதவு திறந்துகொண்டது. இதற்கு விடையாக 2014இல் அதே குழுவினர் மாதுளையைப் போன்ற அமைப்பொன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு சிலிக்கான் நுண்துகளும் ஒரு கார்பன் ஓட்டுக்குள் வெற்றிடம் சூழ வைக்கப்பட்டது. இத்தகைய முத்துகள் பலவற்றைத் திரட்டி, மேலே தடித்த கார்பன் தோல் போர்த்தப்பட்டது. முத்துகள் உள்ளேயே பருத்துச் சுருங்கும். திரவம் தொடுவது வெளித்தோலை மட்டுமே. ஆயிரம் சுற்றுகளுக்குப் பின்னும் 97 விழுக்காடு கொள்ளளவு எஞ்சியது. ஆய்வகத்தில் கிடைத்த அரிய வெற்றி இது. எனினும் இத்தனை படிகளைக் கடந்து செய்யப்படும் பொருளைக் குறைந்த விலையில் டன் கணக்கில் செய்வது வேறொரு கலை.

துகள்களைத் தகட்டோடு பிணைக்கும் பசையும் மாற வேண்டியிருந்தது. கிராஃபைட்டுக்குப் போதுமான பசை, சிலிக்கானின் விரிவைத் தாங்காமல் விட்டுவிடும். பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்னும் பொருள் சிலிக்கானை நன்கு பற்றிக்கொள்வதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

தெரிந்து தெளிவோம்

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி, உமியில் சேர்த்துவைக்கிறது. உமியை அமிலத்தில் கழுவி, எரித்து, கிடைக்கும் நுண்சிலிக்காவை மக்னீசியத்தைக் கொண்டு ஒடுக்கினால் நுண்துளைகளுடைய சிலிக்கான் கிடைக்கும். இவ்வாறு உமியிலிருந்து எதிர்மின்முனை செய்த ஆய்வுகள் 2013இல் வெளியாயின. உமி வீட்டு அடுப்புக்கு மட்டும் உரியதன்று.

கடைத்தெருவில் சிலிக்கான்

தொழிற்சாலைகள் எச்சரிக்கையான வழியையே தேர்ந்தன. கிராஃபைட்டை முற்றிலும் நீக்காமல் அதனோடு சிறிதளவு சிலிக்கானையோ சிலிக்கான் ஆக்சைடையோ கலந்தன. 2015இல் டெஸ்லா நிறுவனம் தன் மகிழுந்தின் மின்கலத்தில் சிறிது சிலிக்கானைச் சேர்த்ததாக அறிவித்தது. 2021இல் உடல்நிலையைக் கணிக்கும் வூப் என்னும் கைப்பட்டையில், சிலா நிறுவனத்தின் சிலிக்கான் மின்முனை இடம்பெற்றது. 2023இல் சீனாவில் வெளியான ஹானர் கைப்பேசியொன்று சிலிக்கான்–கார்பன் மின்கலத்துடன் வந்தது. அதன்பின் கைப்பேசிகள் பலவற்றில் இவ்வகை பரவியது. நுண்துளைக் கார்பனுக்குள் சிலேன் வாயுவைச் செலுத்தி, துளைகளின் உட்புறத்திலேயே சிலிக்கானைப் படியச் செய்வது இப்போது பலரும் பின்பற்றும் முறை. மாதுளையின் கருத்துதான் அது. செய்யும் வழி எளிது.

கைப்பேசியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுவோர் பலர். மகிழுந்தின் மின்கலமோ பத்தாண்டுக்கு மேல் உழைக்க வேண்டும். அக்காலத்தின் பெரும்பகுதியை வண்டி நிறுத்துமிடத்தில்தான் கழிக்கிறது. ஓடாமல் நிற்கும்போதும் சிலிக்கானின் பரப்பில் திரவம் மெல்லச் சிதைந்துகொண்டிருக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கையைச் சில மாதங்களில் சோதித்துவிடலாம். பத்தாண்டுக் கால முதுமையை அவ்வளவு விரைவில் சோதிக்க இயலாது. ஆகவேதான் மகிழுந்து மின்கலங்களில் சிலிக்கானின் பங்கைச் சிறிது சிறிதாகவே உயர்த்துகின்றனர்.