உப்பும் தீயை அணைக்கும்: ஓடுபாதையில் ஒரு வேலை

பெருமுக்கல்லிலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். பாத்தியில் வாரும் உப்பு எதற்கெல்லாம் ஆகும் என்று கேட்டால், கருவாடு, ஊறுகாய், தோல் பதனிடுதல் என்று சொல்வார்கள். தீயணைக்கவும் ஆகும் என்றால் சிரிப்பார்கள். மக்னீசியம் பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் சீறும். இத்தகைய உலோகத் தீக்கான 'டி' வகைத் தீயணைப்பான்கள் சிலவற்றில் நிரப்பும் பவுடரின் முக்கியப் பொருள் சோடியம் குளோரைடு, நம் உப்பேதான். சூட்டில் அது ஓடுபோல் இறுகித் தீக்குக் காற்று போகாமல் மூடிவிடும். விமானக் கியர் பெட்டிகளிலும் பழைய சக்கரங்களிலும் மக்னீசியக் கலவை உண்டு.

பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கு விமான நிலையத் தீயணைப்புப் பணி நல்ல வழி. சேருமுன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொழிலில் எந்தத் தீக்கு எந்த சிலிண்டர் என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எதை எங்கே அடிக்கக் கூடாது என்பது மீதிப் பாதி.

உலர் பவுடரையே எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் பங்கில் அது கைகண்ட மருந்து. அதையே பயணிகள் அறைக்குள் அடித்தால் கண் தெரியாது, மூச்சு முட்டும். மின்னணுக் கருவிகளுக்குள் புகுந்தால் அரிக்கும். உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தரையிறங்கிய விமானத்தின் பிரேக் தீப்பிடித்தால் அதே பவுடர்தான் முதல் தேர்வு. அங்கே கார்பன் டை ஆக்சைடு அடித்தால் கொதிக்கும் சக்கரம் சட்டென்று குளிர்ந்து வெடித்துச் சிதறலாம். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் நெருங்க வேண்டும். பக்கவாட்டில் போகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும் என்பதால் மின் கருவிகளுக்கும் எஞ்சினுக்கும் அது சரி.

ஓடுபாதையில் எரிபொருள் கொட்டி எரிந்தால் நுரைதான். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேச விதி. இலக்கு 2 நிமிடம். எத்தனை வண்டி வேண்டும் என்பதை வந்திறங்கும் விமானத்தின் நீள அகலம் முடிவு செய்யும். ஏடிஆர் 72 அளவு விமானத்துக்கு ஒரு வண்டி போதும். ஏர்பஸ் 320 வந்தால் இரண்டு.

விமானத்துக்குள் நெடுங்காலமாக ஹாலான் என்ற தீயணைப்பு வாயுதான் ராஜா. கையில் எடுப்பது ஹாலான் 1211. எஞ்சினிலும் சரக்கறையிலும் இருப்பது 1301. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை அதன் உற்பத்திக்கு முடிவு கட்டியது. மாற்று வாயுக்கள் வந்துவிட்டாலும், பழைய விமானங்களில் ஹாலான் சிலிண்டரை இன்றும் பார்க்கலாம்.

2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியில் ஒரு சாம்சங் நோட் 2 போன் புகையத் தொடங்கியது. பணிப்பெண்கள் முதலில் தீயணைப்பானை அடித்தார்கள். அத்தோடு விடாமல், போனைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். லித்தியம் பேட்டரியில் சுடர் அடங்கினாலும் உள்ளே சூடு அடங்காது, மறுபடி பற்றும். ஹாலான் சுடரை அணைக்கும். சூட்டை இறக்கத் தண்ணீர்தான் வேண்டும். ஐஸ் வைத்து மூடுவது தவறு, சூடு வெளியேறாது. விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

இனி வேலைக்கு வருவோம். இந்திய விமான நிலைய ஆணையம் 'ஜூனியர் அசிஸ்டென்ட் (தீயணைப்பு)' பணிக்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். பிளஸ் டூவோ, மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஃபயர் பிரிவுகளில் பத்தாம் வகுப்புக்குப் பின் 3 ஆண்டு டிப்ளமோவோ 50 சதவீதத்தோடு வேண்டும். உயரம் ஆண்களுக்கு 167, பெண்களுக்கு 157 சென்டிமீட்டர். கணினித் தேர்வு முடிந்தால் ஓட்டம், கயிறேறுதல், ஆளைத் தூக்கிச் செல்லுதல் என்று உடல் தேர்வு. உப்பு மூட்டை சுமந்த தோள் இங்கே கைகொடுக்கும். அடிப்படைச் சம்பளம் 31,000 ரூபாயில் தொடங்குகிறது. பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி நிலையங்கள் தனியாக ஆள் எடுக்கின்றன. அதிகாரி நிலையைக் குறிவைப்பவர்கள் நாக்பூரிலுள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியைப் பார்க்கலாம்.

மதிப்பெண் இருந்தும் பலர் தடுக்கி விழுவது லைசென்ஸில். ஹெவி லைசென்ஸ் இருந்தால் உடனே தகுதி; இலகுரக லைசென்ஸ் மட்டும் என்றால் அறிவிப்புக்கு 2 ஆண்டு முன்பே எடுத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஹெவி லைசென்ஸுக்கு வயது 20 ஆக வேண்டும், அதற்கு முன் ஓராண்டு இலகுரக லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் எதுவும் நடக்காது. பதினெட்டு முடிந்துவிட்டதா? இந்த வாரமே திண்டிவனம் ஆர்டிஓ அலுவலகத்தில் எல்எல்ஆர் போட்டுவிடுங்கள்.