அலுவலகத்தில் வீண்விரயம்

நமது அறக்கட்டளை அலுவலகத்தில் எரியும் விளக்கும் சுழலும் விசிறியும் நீங்கள் தந்த பணத்தில் ஓடுகின்றன. அது எங்களிடம் உள்ள அமானத்.

பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நான்கு விசிறிகள், தினம் எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 36 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான். எனவே பழையது பழுதானால் மட்டும் மாற்றுகிறோம்.

தேநீருக்குக் காகிதக் கப் நல்லது என்றிருந்தோம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவற்றில் அதுவும் சேரும். இப்போது கண்ணாடி டம்ளர்தான். ஒரு முத்து, அதாவது இரு கை கொள்ளும் அளவு தண்ணீரில் ஒளுச் செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து, குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் கழுவலாமா? பாத்திரத்தில் பிடித்துக் கழுவுகிறோம்.

எங்களை வெட்கப்பட வைத்தது காகிதம். கல்வி உதவித்தொகைக்கு மூன்று செட் ஜெராக்ஸ் கேட்டு வந்தோம். ஒன்றைத்தான் பார்ப்போம், மற்றவை அலமாரியில் மஞ்சளாகும். சென்ற ஆண்டு ஒரு தாய், கையில் இருந்த காசு ஒரு செட்டுக்குத்தான் ஆனது என்று தயங்கி நின்றார். உதவி கேட்டு வந்தவரைச் செலவு செய்ய வைத்தது நாங்கள்தான்.

இனி அலுவலகத்திலேயே, தாளின் இரு பக்கமும், ஒரே நகல் எடுத்துக்கொள்வோம். தேங்கிய நகல்களை எடைக்குப் போடலாம் என்றார்கள். அவற்றில் உங்கள் ஆதாரும் வருமானச் சான்றும் இருக்கின்றன. கிழித்த பிறகே போடுவோம். இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு விண்ணப்பிப்போர் அசல் சான்றிதழ்களை மட்டும் கொண்டு வாருங்கள்.