மணவாளக்குறிச்சியின் கருமணல்



சென்ற மாதம் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தோம். "தாத்தா, இந்த வெள்ளை எதிலிருந்து வருகிறது?" என்று பேரன் கேட்டான். "கறுப்பு மணலிலிருந்து" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொன்ன பாடத்தையே நம் சங்கத்துப் பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி - திருவனந்தபுரம் ரயில் பாதை 1979இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு சில ஆண்டுகளில் இரணியல் பகுதியில் பாதைப் பராமரிப்பு வேலை எனக்கு. ஓய்வு நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போவேன். அலை வந்து திரும்பும் இடமெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக மணல் கிடக்கும்.

இந்த மணல் எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் காலப்போக்கில் தேய்ந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வருகின்றன. சாதாரண வெண்மணலின் ஒப்படர்த்தி சுமார் 2.65. இல்மனைட்டுக்கு 4.7, மோனசைட்டுக்கு 5. முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து அரிசி நிற்பதுபோல, அலை லேசான மணலை இழுத்துப் போகும். கனமானது கரையில் தங்கும்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அக்காலத்தில் காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவை. அது மோனசைட்டில் உண்டு. நம் ஊர்க் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் ஷோம்பெர்க் கைதானார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் ஆலை நிறுவனம், 1965இல் இந்த ஆலையை ஏற்றது. அது அணுசக்தித் துறையின்கீழ் உள்ள அரசு நிறுவனம்.

பிரிக்கும் முறை எளிது. முதலில் தண்ணீரில் அலசி வெண்மணலை நீக்குவார்கள். உலர்த்தியபின் உயர் மின்னழுத்த உருளையில் விடுவார்கள். மின்சாரத்தைக் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம். கடத்தாத மோனசைட், சிர்கான், கார்னெட் மறுபக்கம். அடுத்தது காந்தம். அது ரூட்டைலிலிருந்து இல்மனைட்டையும், சிர்கானிலிருந்து மோனசைட், கார்னெட்டையும் பிரித்துவிடும். இல்மனைட்டிலிருந்து வரும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் பேரன் கேட்ட வெள்ளை.

இனி ஊர்க்கதை. ஆலை வேலை கிடைத்த வீட்டில் மாதச் சம்பளம் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். லாரிக்காரருக்கும் டீக்கடைக்கும் பிழைப்பு உண்டு. கடல் கொந்தளிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மீன்பாடு குறையும். அப்போது கரையில் ஒதுங்கும் கருமணலை வாரிக் கொடுத்து மீனவக் குடும்பங்கள் கூலி பெற்றன.

ஆனால் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாரே, மண்ண அள்ளிட்டுப் போயிட்டா கடலு கரைக்கு ஏறாதா? நாங்க வள்ளத்த எங்க ஏத்தி வைப்போம்?" தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இளகினால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கு, அந்தக் கேள்வி சட்டென்று புரிந்தது. கரைமணல் என்பது ஊருக்கு ஜல்லி மாதிரி.

கதிரியக்க அச்சமும் உண்டு. மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை தோரியம் ஆக்சைடு இருக்கிறது. இதே போன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வு, மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் வெளிவந்தது. ஆயினும் மக்களின் அச்சம் தீரவில்லை. 2024இல் கிள்ளியூர் வட்டாரத்தில் புதிய மணல் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து மீனவர்கள் திரண்டார்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

சம்பளம் பெற்றவரும் நம் மக்கள்; கரையை இழப்போமோ என்று பதறுபவரும் நம் மக்கள். எடுப்பதற்கு முன் அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

விடுமுறையில் குமரிப் பக்கம் போகும் பிள்ளைகள் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணல்மேல் காட்டிப் பாருங்கள். கறுப்பு மணிகள் ஓடிவந்து ஒட்டும். பார்த்து முடித்ததும் காகிதத்தை உதறி, மணலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.