முதல் பேக்கப் பாதியில் நின்றதா? அழிக்காதே, தம்பி

களமருதூரில் ஸ்டுடியோ நடத்துகிற உனக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு புதிதில்லை. காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் சில நாள் சாயங்காலம்தான் வரும். கல்யாண வீடியோ 500 ஜிபி இருந்தால், 10 எம்பிபிஎஸ் அப்லோடில் விடாமல் ஓடினாலே நாலரை நாளுக்கு மேல். முதல் பேக்கப் நடுவில் அறுபடும் என்று எதிர்பார்த்தே ஆரம்பி.

அறுந்ததும் "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடலாம்" என்று கை பரபரக்கும். அதை மட்டும் செய்யாதே. ரெஸ்டிக் என்கிற பேக்கப் மென்பொருளில் முதல் பேக்கப் நின்றுபோனால் ஸ்னாப்ஷாட் (முடிந்த பேக்கப்பின் பதிவு) பட்டியல் காலியாகத்தான் இருக்கும். பயப்படாதே, ஏறிய டேட்டா துண்டுகளில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கும். பேக்கப் சேருகிற அதே ரெப்பாசிட்டரிக்கு அதே கட்டளையை மறுபடி கொடு. ஃபைல்களை முதலிலிருந்து படிக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே பதிவான துண்டுகளைத் திரும்ப ஏற்றாது. போர்க் பேக்கப் மென்பொருள் என்றால் வழக்கமாக அரை மணிக்கு ஒரு செக்பாயின்ட் போட்டுக்கொண்டே போகும்.

ரெஸ்டிக்கில் பேக்கப் முழுசாக முடியும்வரை 'ப்ரூன்' கட்டளை பக்கமே போகாதே. எந்த ஸ்னாப்ஷாட்டிலும் சேராத துண்டுகளைக் கூட்டித் தள்ளுவதுதான் அதன் வேலை. நீ ராத்திரி பகலாக ஏற்றியதும் அதோடு போய்விடும்.

ரெப்பாசிட்டரி 'லாக்' ஆகியிருக்கிறது என்று செய்தி வரலாம். பழைய பேக்கப் இன்னும் எங்காவது ஓடுகிறதா என்று பார். ஆல்பம் டிசைன் பண்ணுகிற கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பார். ஓடவில்லை என்று உறுதியானால் ரெஸ்டிக்கில் 'அன்லாக்', போர்க்கில் 'பிரேக்-லாக்'. லாக் ஃபைலைத் தேடிப் பிடித்துக் கையால் அழிக்கிற வீரமெல்லாம் வேண்டாம்.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போது கரண்ட் போனதென்றால் முதலில் செக்டிஸ்க், பிறகுதான் பேக்கப். வெறும் காப்பி-பேஸ்ட்டை நம்பாதே: பாதியில் நின்ற வீடியோ சில சமயம் முழு அளவு காட்டும், ஓடவிட்டால் நடுவில் செத்துவிடும்.

மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஏற்றவும் வேண்டாம். இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்கள் முதலில். அது முடிந்து ஒரு ஸ்னாப்ஷாட் விழட்டும். பழைய வருஷங்களைப் பிறகு சேர்த்துக்கொள்.

முடிந்ததும் 'செக்' கட்டளை கொடு. அதோடு விடாமல் ஒரு கல்யாண ஃபோல்டரை வேறு டிரைவில் ரீஸ்டோர் பண்ணி, வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார். அதுவரை எந்த மெமரி கார்டையும் ஃபார்மட் பண்ணாதே, முகூர்த்த நாளில் கார்டுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் சரி, புதுசு வாங்கிக்கொள்.

யூபிஎஸ் போட்டால் மோடத்தையும் அதிலேயே சொருகு. கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருந்து என்ன பிரயோஜனம்?